கடைசி வண்டி

அத்தியாயம் 14

நடேசன் ஒரு மெமோவைப் பதிவுத் தபாலில் வெள்ளானூருக்கு அனுப்பியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். கல்யாணம், காதுகுத்து என்று அலைந்து பத்திரிகையைத் தவறவிட்டவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

நடேசனுக்கு அறுபத்திரண்டு வயது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பணியாளர் துறையில் முப்பது வருடம் உட்கார்ந்து, மேனேஜராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனிதர்கள் கோயிலுக்குப் போவார்கள், ஏரிக்கரையில் நடப்பார்கள், குறைந்தபட்சம் பேப்பராவது படிப்பார்கள். இவர் பழைய புல்லட் ஒன்றை வாங்கி, கறுப்பு ஜாக்கெட் மாட்டிக்கொண்டு 'கருணைச் சக்கரங்கள்' என்ற மோட்டார்சைக்கிள் அறக்கூட்டத்தில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பத்துநாலு பேர் முப்பத்துநாலு வண்டியில் கிளம்பி, ஒரே வண்டியில் கொண்டுபோய்விடக்கூடிய நோட்டுப் புத்தகங்களை எங்காவது கொடுத்துவிட்டு வருவார்கள். அதற்குப் பெயர் சேவை.

சேர்ந்த மூன்றாம் மாதமே நடேசன் கூட்டத்துக்கு நடத்தை விதிகள் எழுதிக் கொடுத்துவிட்டார். மொத்தம் நாற்பத்தொன்று. விதி 7: ஜாக்கெட் அணியாமல் எந்த உறுப்பினரும் எவருக்கும் உதவி செய்யக் கூடாது. விதி 16: உதவி பெறுபவர் புகைப்படத்தில் மலர்ந்த முகத்துடன் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே விதி 3: அணிவகுப்பில் கேப்டனை எவரும் எக்காரணம் கொண்டும் முந்தக் கூடாது.

அந்த மூன்றாம் விதியைத்தான் விஜி மீறிவிட்டாள்.

விஜிக்கு முப்பத்துமூன்று வயது. சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப்போனது. வெள்ளானூரில் அம்மா முனியம்மாவோடு சேர்ந்து சமைத்து, எஸ்டேட் கேட்டில் மதியச் சாப்பாடு விற்கிறாள். கருணைச் சக்கரங்கள் ஆறு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு சைடு வீல் வைத்த ஸ்கூட்டர் ஒன்றைக் கொடுத்தார்கள். கொடுத்ததோடு விட்டிருந்தால் இந்த அத்தியாயமே கிடையாது. பத்திரிகையில் படம் எடுப்பாக வர வேண்டும் என்று அவளைக் கௌரவ உறுப்பினராக்கி, ஒரு ஜாக்கெட்டையும் மாட்டிவிட்டார்கள். உறுப்பினர் என்றால் விதிகள் பொருந்தும். விதியை மீறினால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று அவளிடம் முன்பே கையெழுத்து வாங்கியிருந்தார் நடேசன்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது வாங்கியவனுக்குச் சொன்ன புத்தி. கொடுத்தவனே ஆறு மாதம் கழித்து வந்து பல்லை எண்ணினால் அவனை என்ன சொல்வது?

மூன்று வாரத்துக்கு முன் திருநின்றவூருக்குப் போன ஆண்டு அணிவகுப்பில் விஜியின் நீல ஸ்கூட்டர், கேப்டன் ராகேஷின் பெரிய வண்டியை முந்திக்கொண்டு போனது. நடேசனின் மகன் பிரசன்னா ஐ.டி.யில் வேலை பார்ப்பவன், கூட்டத்துக்கு வீடியோ பொறுப்பாளன். பின்விளைவு தெரியாமல் அதை அப்படியே இணையத்தில் போட்டுவிட்டான். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். 'கேப்டன் சார், நீங்களும் சைடு வீல் போட்டுப் பாருங்க, வேகம் வரும்' என்று எவனோ எழுதியதற்கு மட்டும் ஆயிரம் சிரிப்பு. அன்றிலிருந்து ராகேஷுக்குத் தூக்கம் போயிற்று. விஜிக்கு மெமோ வந்தது.

இன்று வியாழக்கிழமை விசாரணை.

* * *

காலை ஒன்பது மணிக்கே நடேசன் சாப்பாட்டு மேஜையில் பச்சைத் துணி விரித்துவிட்டார். மூன்று பேனா, தாள் பறக்காமலிருக்க ஒரு கண்ணாடிக் குண்டு, மூடி போட்ட தண்ணீர் டம்ளர். ஓய்வு பெற்ற இந்த நாலு வருடத்தில் அவர் முகத்தில் இவ்வளவு களையைச் சாவித்திரி பார்த்ததில்லை.

"கமிட்டிக்கு நாலு காபி போட்டுடு" என்றார்.

"குற்றவாளிக்கும் உண்டா?"

"குற்றம் சாட்டப்பட்டவர். நிரூபிக்கிற வரைக்கும் குற்றவாளின்னு சொல்லப்படாது."

"அடேயப்பா!" என்று சாவித்திரி உள்ளே போனாள்.

முப்பத்தைந்து வருட இல்லறத்தில் அவள் எத்தனையோ விசாரணைகளைக் கேட்டிருக்கிறாள், எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டோடு. இன்றைக்கு ஒருத்தனைக் கேள்வி கேட்டு மடக்கினேன், நாளைக்கு ஒருத்தன் விளக்கம் தர வேண்டும் என்று அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே சொல்லுவார். சட்டக் கல்லூரிக்குப் போகாமலே சாவித்திரிக்குப் பாதிச் சட்டம் தெரிந்துபோயிற்று.

அந்த புல்லட்டில் மட்டும் அவள் இன்றுவரை ஏறியதில்லை. ஆனாலும் கூட்டத்தின் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. முப்பத்துநாலு பேரை அறுபது பேராகக் காட்டுவதற்காக எல்லார் மனைவியையும் 'துணை உறுப்பினர்' என்று சேர்த்திருந்தார்கள். விதிகள் துணை உறுப்பினர்களுக்கும் பொருந்தும் என்று நடேசன் வேறு எழுதி வைத்திருந்தார், பெண்டாட்டிமார் ஒழுங்காக இருக்க வேண்டுமாம்.

ஹாலில் தூசி தட்டும்போது சுவரில் மாட்டியிருந்த புதுப் படம் அவள் கண்ணில் பட்டது. திருநின்றவூர் வளைவுக்குக் கீழே கருணைச் சக்கரங்கள் வரிசையாக நிற்கின்றன. வலது ஓரத்தில் நடேசன், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறார். அவள் அந்த இடத்தை மட்டும் தட்டாமல் விட்டாள்.

பத்தரைக்கு விசாரணை. பத்து இருபதுக்கே விஜி வந்துவிட்டாள். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள்.

"சாவியை மேஜை மேல வைம்மா" என்றார் நடேசன். "விசாரணை முடியற வரைக்கும் வண்டி கமிட்டி பொறுப்பில இருக்கும்."

விஜி வைத்தாள். அவர் அதன் மேல் கண்ணாடிக் குண்டைத் தூக்கி வைத்தார்.

"சார், சீக்கிரம் முடிச்சு உட்ருங்க சார். கீழ வண்டில சோறு கீது. பன்னெண்டரைக்கு எஸ்டேட் கேட்டாண்ட நிக்கணும். முப்பத்தாறு பேரு சார்."

"கேப்டன் வந்ததும் ஆரம்பிச்சுடலாம்."

"அங்க ஒரு வாச்மேன் அண்ணாத்தே கீறாரு. சக்கர நோயி. பன்னெண்டரைக்குச் சோறு வந்துரும்னு கரீட்டா ஊசி போட்டுக்கினு உக்காந்திருப்பாரு. லேட்டாச்சுன்னா கை காலெல்லாம் உதறும் சார் அவருக்கு."

நடேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கழற்றினால் கதை வரப்போகிறது என்று சாவித்திரிக்குத் தெரியும்.

"நேரத்தைப் பத்தி எங்கிட்டயே பேசறியாம்மா? 4417-னு ஒரு டோக்கன் நம்பர். பத்தொம்பது வருஷ சர்வீஸ். ஒரே மாசத்துல மூணாவது தடவை லேட். ஏழே நிமிஷம். விசாரணை வச்சு வேலையை விட்டு அனுப்பினேன். கோர்ட்டுக்குப் போனான். கோர்ட்டு என் பக்கம்தான் தீர்ப்பு சொல்லிச்சு."

"இன்னாத்துக்கு லேட்டாச்சாம்?" என்றாள் விஜி.

"காரணம் எதுவா இருந்தா என்ன? விதி விதிதான்."

சமையலறை வாசலில் நின்ற சாவித்திரிக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. தீர்ப்பு வந்த அன்று இந்த மனிதர் பாயசம் வைக்கச் சொன்னார். அவளும் வைத்தாள். அதை நினைத்தால்தான் அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

* * *

கேப்டன் ராகேஷ் வந்தபோது மணி பதினொன்று இருபத்தைந்து. விதி 1, நேரம் தவறாமை. அது மற்றவர்களுக்கு.

மாங்காட்டிலிருந்து திருநின்றவூர் வரைக்கும் வீட்டுமனை விற்கிற ஆள். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய சென்ட் வந்தது. பின்னாலேயே ஜாக்கெட் போட்ட இரண்டு உறுப்பினர்கள்.

"டிராஃபிக் சார், பூந்தமல்லியில செம ஜாம்" என்றபடி நடுநாயகமாக உட்கார்ந்தார். ஏழு நிமிடத்துக்கு வேலையைப் பறித்த நடேசன், ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு எழுந்து நின்று கை கொடுத்தார்.

குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது. பிரசன்னா டி.வி.யில் வீடியோவைப் போட்டான். பதினொரு விநாடிதான். திரையின் கீழ் மூலையிலிருந்து நீல ஸ்கூட்டர் வருகிறது, ஒவ்வொரு வண்டியாகத் தாண்டுகிறது, கடைசியில் கேப்டனையும் தாண்டுகிறது. தாண்டும்போது விஜி அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராகேஷுக்கு வலித்த இடம் அதுதான் என்று பார்த்த உடனே தெரிந்தது.

"இதுக்கு மேல என்ன சார் விசாரணை? வண்டியை எடுத்துடலாம். கீழ குட்டி யானை லோடு வண்டி வரச் சொல்லிட்டேன்" என்றார் ராகேஷ்.

விஜியின் முகம் வெளுத்துவிட்டது. "சார், அந்த வண்டி இல்லன்னா நான் இன்னா பண்றது? ரெண்டு பஸ்ஸு மாறி, முப்பத்தாறு சோத்த நான் எப்டித் தூக்கினு வர்றது?"

"அதை ரூல்ஸ் மீறறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்" என்றார் ராகேஷ்.

சாவித்திரி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலி ஒன்றை இழுத்து விஜியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ எங்க வர்றே?" என்றார் நடேசன்.

"விதி 22. குற்றம் சாட்டப்பட்டவர் இன்னொரு உறுப்பினரைத் துணைக்கு வச்சுக்கலாம். நீங்க எழுதினதுதான்."

"உறுப்பினர்..."

"நான் துணை உறுப்பினர். என்னைக் கேக்காமலே சேத்திருக்கீங்க. தலை எண்ணறதுக்கு நான் வேணும், வாயைத் திறக்கறதுக்கு வேண்டாமா?"

பிரசன்னா இருமுவது போலச் சிரித்தான். நடேசன் பக்கங்களைப் புரட்டினார். அவர் எழுதிய விதி, அவர் வைத்த ஓட்டை. தலையை ஆட்ட வேண்டியதாயிற்று.

"கேப்டன்" என்று ஆரம்பித்தாள் சாவித்திரி, அந்த வார்த்தையைப் புளித்த மோர் மாதிரி வாயில் வைத்துக்கொண்டு. "ஊர்வலம் கிளம்பறப்ப விஜி எங்க இருந்தா?"

"நடுவுல ஆன்ட்டி. பேனர் பக்கத்துல. நாங்கதான் நிறுத்தினோம்."

"படத்துல எங்கேருந்து வர்றா? பிரசன்னா, முதல்லேருந்து போடு."

போட்டான். நீல ஸ்கூட்டர் எல்லாருக்கும் பின்னாலிருந்து வந்தது.

"நடுவுல இருந்தவ எப்படிப் பின்னால போனா?"

ராகேஷ் தோளைக் குலுக்கினார். "அது அவங்களைத்தான் கேக்கணும்."

"சொல்லு விஜி."

விஜி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பட்டாபிராமாண்ட சைடு வீலு நட்டு லூசாகிப் பூட்சு. வண்டி ஆடிச்சு. ஓரங்கட்டிட்டேன். அல்லாரும் போய்க்கினே இருந்தாங்க. கடசியா ஒரு புல்லட்டு வந்துச்சு, கையக் காட்டினேன். நின்னு பாத்தாரு. அப்பால அவரும் பூட்டாரு."

"அப்புறம்?"

"நானே ஸ்பேனர எடுத்து டைட் பண்ணிக்கினேன். லேட்டா வந்தா உள்ள உடமாட்டாங்கன்னு மொத ரூல்ல போட்டுகீதே, அதான் முறுக்கினு வந்தேன். இவங்க கேமராவுக்காக உருட்டினு போய்க்கினு இருந்தாங்க. நான் கேப்டன்லாம் பாக்கல."

சாவித்திரி கணவன் பக்கம் திரும்பினாள். "விதி 11 என்னங்க?"

நடேசனுக்கு விதிகள் மனப்பாடம். கேட்டதும் வாய் தானாகத் திறந்தது. "அணிவகுப்பின் கடைசி வண்டி, வழியில் நின்றுபோகும் எந்த உறுப்பினரையும் விட்டுவிட்டுச் செல்லக் கூடாது. வண்டி சரியாகும் வரை..."

அங்கே நின்றுவிட்டார்.

"கடைசி வண்டிக்கும் பின்னால இவ இருந்திருக்கா. அப்ப கடைசி வண்டி இவளை விட்டுட்டு வந்திருக்கு. யாரு அது? அன்னைக்குக் கடைசி வண்டி யாரு?"

ராகேஷ் போனை எடுத்து வைத்துக்கொண்டார்.

"உனக்குத் தெரியுமா விஜி?"

"தெரியும்மா."

"மெமோவுக்குப் பதில் எழுதினியே, அதுல ஏன் சொல்லல?"

"மனசு வரல. இந்த ஊட்டுல காபி குடிச்சுகீறேன்."

சாவித்திரி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். வளைவுக்குக் கீழே வயிற்றை இழுத்துப் பிடித்து நின்ற மனிதரைப் பார்த்தாள். கால் சூம்பிய ஒருத்தி பட்டாபிராம் ரோட்டோரத்தில் கையைக் காட்டியிருக்கிறாள், இவர் போட்டோவுக்கு நேரமாயிற்று என்று போயிருக்கிறார். அதோடு விடாமல் அவளுக்கே மெமோவும் எழுதியிருக்கிறார், முத்து முத்தான கையெழுத்தில். இந்த மனிதருக்கா முப்பத்தைந்து வருடம் வடித்துக் கொட்டினோம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேப்டன் போன் பண்ணினார்" என்றார் நடேசன் மெல்ல. "குரூப் போட்டோ எடுக்கப் போறாங்க, சீக்கிரம் வாங்கன்னு..."

"காரணம் எதுவா இருந்தா என்னங்க? எழுதுங்க."

நடேசன் பேனாவை எடுத்தார். கேள்வி: அன்றைய அணிவகுப்பில் கடைசி வண்டி யார்? பதில்: நான். எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டுக் கையெழுத்திட்டார்.

"சார், அந்த லைனை அடிச்சிடுங்க" என்றார் ராகேஷ்.

"நடவடிக்கைக் குறிப்புல அடித்தல் திருத்தல் கிடையாது."

"என்ன சார் விளையாடறீங்களா? நாளைக்கு இதையும் எவனாவது வீடியோ போடுவான்." ராகேஷ் எட்டித் தாளை உருவினார். இரண்டாகக் கிழித்தார். சேர்த்து வைத்து நான்காகக் கிழித்தார். கண்ணாடிக் குண்டை நகர்த்திச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "தீர்ப்பு நான் சொல்லிக்கிறேன். வண்டி நமக்கு. டேய், வாங்கடா."

மூன்று பேரும் கீழே போனார்கள். நடேசன் கிழிந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷத்துல..." என்றார். "ஒருத்தனும் என் குறிப்பைக் கிழிச்சதில்ல, சாவித்திரி."

ஒரு பெண்ணின் பிழைப்புக்குக் கலங்காத கண் ஒரு தாளுக்குக் கலங்கியது. சாவித்திரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எந்த வழியாகவாவது இந்த மனிதருக்குச் சொரணை வந்தால் சரி என்று நினைத்துக்கொண்டாள்.

* * *

சாவித்திரியும் பிரசன்னாவும் கீழே வருவதற்குள் விஜி முந்திவிட்டாள். படியிறங்கிப் போனவர்கள் குட்டி யானையைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தபோது, லிஃப்டில் இறங்கியவள் நேராகப் போய்த் தன் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"எறங்கும்மா" என்றார் ராகேஷ்.

"எறங்க மாட்டேன். சாவி உங்க கையில கீது, வண்டி என் கையில கீது. ஏத்தறதுன்னா என்னையும் சேத்து ஏத்து."

"பொம்பளைன்னு பாக்கறேன்."

"கால் இல்லாதவன்னு பாத்துத்தானே சார் குடுத்தீங்க? இப்ப இன்னா புச்சா பொம்பளைன்னு பாக்கறீங்க?"

ஃப்ளாட்காரர்கள் பால்கனிகளுக்கு வந்துவிட்டார்கள். பிரசன்னா தூணுக்குப் பின்னால் நின்றான். அவனுக்கு இருபத்தெட்டு வயது, நல்ல சம்பளம், முதுகெலும்பு மட்டும் இன்னும் வரவில்லை.

"போனை எடுடா" என்றாள் சாவித்திரி. "வீடியோ எடு. உனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான், அதையாவது ஒழுங்கா செய். இவ மேல ஒருத்தன் கை வச்சாலும் அது உள்ள வரணும்."

பிரசன்னா போனைத் தூக்கினான். ராகேஷ் இரண்டடி பின்வாங்கினார். வீடியோ என்றால் அவருக்கு இப்போது பேய் பிசாசு மாதிரி.

"அம்மா, மணி பன்னெண்டேகால் ஆவப் போவுது" என்றாள் விஜி. "சோறு... அந்த வாச்மேன் அண்ணாத்தே ஊசி போட்டுக்கினு உக்காந்திருப்பாரும்மா."

ஆட்டோ பிடிக்கலாமா என்று சாவித்திரி வாசலைப் பார்த்தபோது, பின்னால் புல்லட் உறுமியது. நடேசன். ஜாக்கெட் இல்லை. வீட்டில் போடுகிற அரைக்கைச் சட்டை, தலையில் ஹெல்மெட்.

"சோத்துப் பையை எடு" என்றார். "ஒண்ணை முன்னால வை. ஒண்ணை நீ மடியில வச்சுக்கோ."

"ஜாக்கெட் போடலையே. விதி 7..."

"பேசாம ஏறு சாவித்திரி."

அவள் ஏறினாள். அவர் மன்னிப்புக் கேட்டதால் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. முப்பத்தாறு பேரின் சோறு அவள் மடியில் சுட்டது, அவ்வளவுதான்.

எஸ்டேட் திரும்பும் இடத்தில் ஒரு தண்ணீர் லாரி முன்னால் போனது, ஊர்ந்து ஊர்ந்து. நடேசன் அதன் பின்னாலேயே ஊர்ந்தார்.

"முந்துங்க!"

"மஞ்சக் கோடு போட்டிருக்கு."

"எதிர்ல ஒரு ஈ காக்கா இல்லீங்க!"

"கோடு கோடுதான்."

அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சாவித்திரி பல்லைக் கடித்துக்கொண்டாள். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

* * *

கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வழக்கமான நீல ஸ்கூட்டரைத் தேடியவர்களுக்கு, புல்லட்டில் வந்த நரைத்த தலைகளைக் கண்டு முதலில் ஒன்றும் புரியவில்லை.

"விஜி வரலியாம்மா?"

"வண்டியில கொஞ்சம் தகராறு. இந்தாங்க, சாம்பார் சாதம். உங்களுக்கு?"

சாவித்திரி எடுத்து எடுத்துக் கொடுத்தாள். நடேசனும் ஒரு பையைப் பிரித்தார். இந்த கேட்டில் அவர் முப்பது வருடம் காரில் நுழைந்தவர். காவலாளி சல்யூட் அடிப்பான், இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். இன்றைக்குச் சட்டையில் சாம்பார் சொட்டியிருந்தது.

"அந்த வாச்மேன்?" என்று சாவித்திரி கேட்டாள்.

ஒருவன் கேட்டை ஒட்டியிருந்த சிறிய அறையைக் காட்டினான். நடேசன் ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார். சாவித்திரி பின்னால் போனாள்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் நீலச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கிய வயது. நெற்றி முழுக்க வேர்வை. இரண்டு கையும் தொடை மேல் கிடந்து தன்னால் உதறிக்கொண்டிருந்தன.

"விஜி கொடுத்தனுப்பிச்சா. சாப்பிடுங்க" என்று நடேசன் பொட்டலத்தை நீட்டினார்.

அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நடேசன் சார்தானே?"

நடேசன் சிரிக்க முயன்றார். "ஆமா. நீங்க..."

"மனோகரன். பேரு சொன்னா உங்களுக்குத் தெரியாது சார். 4417."

நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

"முதல்ல சாப்பிடுங்க. கை நடுங்குது பாருங்க" என்றார் நடேசன்.

மனோகரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நிதானமாக, முள்ளை எண்ணிப் பார்த்தார்.

"பன்னெண்டு முப்பத்தேழு" என்றார். "ஏழு நிமிசம் லேட்டு சார்."

"வழியில ஒரு லாரி..."

"காரணம் எதுவா இருந்தா இன்னா சார்?"

நடேசன் வாயைத் திறந்தார். அந்த வாய்க்குள் நாற்பத்தொரு விதிகள் இருந்தன, ஒன்றும் வெளியே வரவில்லை.

சாவித்திரி அவரைத் தாண்டிப் போய், தன் பையிலிருந்து வேறொரு பொட்டலத்தை எடுத்து மனோகரனின் மேஜையில் வைத்துப் பிரித்தாள். "அண்ணே, இது என் கையால. சாப்பிடுங்க." மனோகரன் உடனே கையை வைத்தார். முதல் வாய் உள்ளே போகிற வரைக்கும் அவர் கண் நடேசனை விட்டு நகரவில்லை. அதற்குப் பிறகு அவர் நடேசனைப் பார்க்கவே இல்லை.

நடேசன் தன் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

சாவித்திரியின் போன் அடித்தது. பிரசன்னா. மூச்சிரைத்தது.

"அம்மா! விஜியை வண்டியோட சேத்து ஏத்திட்டாங்கம்மா. எறங்க மாட்டேன்னு அவ உக்காந்திருக்கா, அவ மேல கை வைக்காம அப்படியே குட்டி யானையில தூக்கி வச்சுக் கயிறு கட்டிட்டாங்க. கேப்டன் முன்னால போறான். நான் கார்ல பின்னாலயே வந்துட்டிருக்கேன். சி.டி.எச். ரோட்டுல, ஆவடி பக்கம்."

"போனை வைக்காதே. விடாம பின்னாலயே போ."

அவள் வெளியே வந்தாள். நடேசன் புல்லட் அருகில் வந்து நின்றிருந்தார், கையில் இன்னும் அந்தப் பொட்டலம். பிரசன்னா சொன்னதை அவளிடமிருந்து கேட்டார். ஹெல்மெட்டை மாட்டினார்.

சாவித்திரி பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டாம் தடவை என்பதால் பழகியிருந்தது.

"உங்க கேப்டன் முன்னால போறாராம்" என்றாள். "இப்பவாவது முந்துவீங்களா?"